மலையடிவாரத்துக்குப் பத்துப் பேரைச் சைக்கிளில் கூட்டிப்போக என்ன பயிற்சி வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு நீங்கள் வேலை விசாவில் வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெருலம் பக்கம் கரும்புக்காட்டு மண்பாதைகளில் ஏழெட்டு நண்பர்களோடு ஓட்டுகிறீர்கள். வருகிற டிசம்பரில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு ஹிமெவில், அண்டர்பெர்க் பக்கம் டிராக்கென்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் இரண்டு நாள் ஓட்ட ஆசை. "எந்தக் கோர்ஸ் படிக்கணும், எந்தச் சர்ட்டிஃபிகேட் வாங்கணும் அண்ணா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு விடாமல், கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: "யாருக்காவது ஏதாவது ஆயிட்டா நான்தான் பொறுப்பா?" உங்களை உறுத்துவது இந்தக் கடைசி வரிதான் என்று படுகிறது. அதனால் சான்றிதழ் சமாசாரத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

என் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நீங்கள் அளந்துகொள்ள, என்னைப் பற்றி நாலு வார்த்தை. ஊர் அம்பாசமுத்திரம். 2009-இல் இங்கே வந்தேன். சாட்ஸ்வொர்த்தில் சைக்கிள் பட்டறையில் வேலை. சுற்றுலா வழிகாட்டி அட்டை வாங்கிப் பதினொரு வருஷம் ஆகிறது. டர்பன் இருக்கும் குவாசூலு-நடால் மாகாணத்தின் கரும்புக்காடும் மேட்டுநிலமும் மலையடிவாரமும் பழக்கம். கரூ வறள்நிலத்திலும் கேப் மலைகளிலும் விருந்தாளியாகத்தான் ஓட்டியிருக்கிறேன், யாரையும் கூட்டிப்போனதில்லை. நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. வழக்கு என்று ஒன்று வந்தால் இந்தப் பதிலைக் காட்டாதீர்கள், வக்கீலைப் பாருங்கள்.

உறுதியாகத் தெரிந்தது இது. காசு வாங்கினால் பதிவு வேண்டும். 2014-ஆம் ஆண்டின் சுற்றுலாச் சட்டப்படி, பணத்துக்காக வழிகாட்டியாக இருப்பவர் மாகாணப் பதிவாளரிடம் பதிந்திருக்க வேண்டும்; பதியாமல் செய்வது குற்றம். பதிவுக்குக் கேத்செட்டா என்ற சுற்றுலாத் துறைப் பயிற்சி அமைப்பின் அங்கீகாரம் உள்ள இடத்தில் படித்த தகுதியும், காலாவதியாகாத முதலுதவிச் சான்றிதழும் கேட்பார்கள். நான் படித்த வகுப்பில் பறவை, செடி, வரலாறு, விருந்தாளியிடம் பேசும் முறை எல்லாம் இருந்தது. சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படித்தது வீண் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அட்டை கழுத்தில் தொங்குகிறது என்பதற்காக ஒருவருக்குக் குழுவைக் கூட்டிப்போகத் தெரியும் என்று ஆகிவிடாது. உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வேலை விசா ஒரு குறிப்பிட்ட வேலைக்காகக் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தலைக்கு இவ்வளவு ராண்ட் என்று வாங்கினால் விசா நிபந்தனையிலேயே இடிக்கும். டீசலையும் தங்கும் செலவையும் பத்துப் பேரும் பங்கு போட்டுக்கொள்வது வேறு, முடிவில் உங்கள் பையில் மிச்சம் நிற்பது வேறு. மிச்சம் நிற்காதபடி கணக்கை எல்லோருக்கும் தெரியும்படி குழுவில் போட்டுவிடுங்கள். அதேபோல, கூலிக்கு ஆட்களை வேனில் ஏற்றிப்போனால் ஓட்டுபவருக்குத் தொழில்முறை ஓட்டுநர் அனுமதி தனியாக வேண்டும்.

இனி, பொறுப்பு. இந்த நாட்டு நீதிமன்றங்கள் கவனக்குறைவை அளக்கும் கோல் 1966-ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில் சொல்லப்பட்டது. விவரம் வேடிக்கையானது: யாரோ திறந்து போட்ட கேட் வழியாக ஒரு குதிரை ரோட்டுக்கு வந்துவிட்டது, கார் மோதிவிட்டது. அதில் நீதிபதி வைத்த கேள்விகள் சுருக்கமாக இவை. நியாயமான ஒருவர் இப்படி ஒரு கேடு வரலாம் என்று முன்கூட்டியே நினைத்திருப்பாரா? அதைத் தடுக்க ஏதாவது செய்திருப்பாரா? நீங்கள் அதைச் செய்யத் தவறினீர்களா? காசு வாங்காத நண்பருக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும். "எது நடந்தாலும் கூட்டிப்போறவர் பொறுப்பில்லைன்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாங்க" என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், காசு கொடுத்து வந்தவரிடம் வாங்கும் அப்படிப்பட்ட தாளில் ஆபத்து என்ன என்று எளிய மொழியில், கண்ணில் படும்படி எழுதியிருக்க வேண்டும் என்கிறது. படுமோசமான கவனக்குறைவை எந்தக் கையெழுத்தும் மன்னிக்காது என்றும் சொல்கிறது. நானும் தாள் வாங்குகிறேன். வேறு காரணத்துக்காக: அதில் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டிருப்பேன்.

ரோட்டுச் சட்டத்தில் மூன்று விஷயம் தெரிந்தால் போதும். ஹெல்மெட் கட்டாயம். ஒருவர் பின் ஒருவராகத்தான் ஓட்ட வேண்டும், முந்தும்போது தவிர; இருவர் இருவராகப் பேசிக்கொண்டு ஓட்டுவது நம் எல்லோரும் செய்கிற தப்பு. என்3 மாதிரி அதிவேகச் சாலையில் சைக்கிள் ஏறவே கூடாது. அவ்வளவுதான்.

படிக்க வேண்டியது என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் முதலுதவிதான். அதுவும் அலுவலகத்தில் தீயணைப்புப் பயிற்சியோடு சேர்த்து முடித்துவிடுகிற முதல் நிலை போதாது. மூன்றாம் நிலை வரை போங்கள். முடிந்தால் ஆம்புலன்ஸ் வர மூன்று மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டு சொல்லித்தருகிற காட்டுவெளி முதலுதவி வகுப்புக்கும் போங்கள். நகரத்து முதலுதவியில் உங்கள் வேலை பத்து நிமிஷம். மலையடிவாரத்தில் உடைந்த காறை எலும்போடு ஒருவரை ஈர மண்ணில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்துக் குளிரில் விறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். என் பையில் ஒரு தகடுப் போர்வையும், அடியில் விரிக்க ஒரு பழைய யோகா பாயில் வெட்டின துண்டும் எப்போதும் இருக்கும். போர்வையை எல்லோரும் வைத்திருப்பார்கள், அடியில் விரிக்கத்தான் மறப்பார்கள். குளிர் பாதிக்கு மேல் தரையிலிருந்துதான் ஏறுகிறது என்று எனக்குத் தோன்றும்.

நம் ஆட்களைக் கூட்டிப்போவதில் தனியாகத் தெரிய வேண்டிய ஒன்று சர்க்கரை. இங்குள்ள நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு அதிகம் என்று உங்களுக்கே தெரியும். நாற்பது தாண்டிய பத்துப் பேரைக் கூட்டினால் இரண்டு மூன்று பேர் மாத்திரையிலோ இன்சுலினிலோ இருப்பார்கள், பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள். ஒருமுறை புரட்டாசியில் ஐம்பத்தைந்து வயதுள்ள ஒருவர் வந்தார். டர்பன் தமிழர்கள் புரட்டாசியை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள், மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது, சனிக்கிழமை விரதம். அவர் முந்தின நாள் விரதம் இருந்து, காலையில் மாத்திரையை மட்டும் போட்டுவிட்டு வந்திருந்தார். இருபத்தைந்தாவது கிலோமீட்டர் வரை ஜோக் அடித்துக்கொண்டு வந்த மனுஷன் ஒரு ஏற்றத்தில் நின்று, கிளவுஸைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். "அண்ணே, என்ன ஆச்சு?" என்றேன். "உனக்கு என்னடா வந்துது, போ" என்று எரிந்து விழுந்தார். அந்த எரிச்சல்தான் அறிகுறி. நெற்றியைத் தொட்டால் சில்லென்று வேர்வை. நாலு குளுக்கோஸ் மாத்திரை, அதாவது பதினைந்து கிராம் சர்க்கரை, மெல்லக் கொடுத்துப் பதினைந்து நிமிஷம் உட்காரவைத்தோம். சரியாகாவிட்டால் மறுபடி அதே அளவு, சரியானதும் ரொட்டி. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அதற்குப் பிறகு புறப்படும் இடத்தில் நான் "யாருக்குச் சர்க்கரை?" என்று கேட்பதில்லை. "இன்னிக்கு யார் விரதம்?" என்று கேட்கிறேன். அதற்குப் பெருமையாகக் கை தூக்குவார்கள்.

இதெல்லாம் வகுப்பில் வாங்கக்கூடியது. வகுப்பில் வாங்க முடியாத பயிற்சி ஒன்று இருக்கிறது. நான் சொல்ல வந்ததே அதைத்தான்: ஒரு வருஷம் குழுவின் கடைசியில் ஓட்டுங்கள். எங்கள் குழுவில் அதை வால் பிடிப்பது என்போம். யாராவது பழகின ஒருவர் முன்னால் போகட்டும். நீங்கள் எல்லோருக்கும் பின்னால் போங்கள், யாரையும் முந்தாமல். முன்னால் போகிறவருக்குத் தெரிவது பாதை மட்டும். வால் பிடிப்பவர்தான் பத்து முதுகுகளைப் பார்க்கிறார். யார் ஏற்றத்தில் கியரைத் தாமதமாக மாற்றிச் செயினைக் கதறவிடுகிறார், யார் இறக்கத்தில் முன் பிரேக்கைப் பயந்து தொடாமலே இருக்கிறார், யார் ஒரு மணி நேரமாகத் தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கவில்லை, யார் பேச்சை நிறுத்திவிட்டார், எல்லாம் பின்னாலிருந்துதான் தெரியும். ஆறு மாதத்தில் ஒருவர் விழப்போவது விழுவதற்கு ஐந்து நிமிஷம் முன்பே தெரிய ஆரம்பிக்கும். தோள் தொங்கும், தலை முன்சக்கரத்தைப் பார்க்கும், குழிகளைத் தவிர்க்காமல் மேலேயே ஏற்றி ஓட்டுவார். அப்போது "தண்ணி குடிக்க நிக்கலாம்" என்று சொல்ல வேண்டும், "உங்களுக்கு முடியலையா?" என்று கேட்கக் கூடாது. முடியலையா என்றால் எந்த ஆணும் முடிகிறது என்றுதான் சொல்வான்.

எண்ணிக்கையைப் பற்றி நான் கற்றுக்கொண்டது ஒரு அவமானத்திலிருந்து. மேட்டுநிலத்தில் காட்டிலாகா மரத்தோப்பு ஒன்றின் ஓரமாக ஒன்பது பேரோடு போய்க்கொண்டிருந்தேன். பாதை இரண்டாகப் பிரியும் ஒரு கவையில் நின்று எண்ணினேன், ஒன்பது ஹெல்மெட், சரி என்று வலப்பக்கம் இறங்கிவிட்டோம். நாலு கிலோமீட்டர் போய்க் கேட் திறக்க நின்றபோது ஒருவர் புன்னகையோடு "நன்றி, நான் இப்படியே போய்க்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இடதுபக்கம் திரும்பினார். பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்து நடுவில் சேர்ந்துகொண்ட அசலான். நான் எண்ணின ஒன்பதில் அவர் ஒருவர். எங்கள் ஆள் ஒருவர் கவைக்கு முன்பே ஒதுங்கினவர், திரும்பி வந்து, மண்ணில் பழைய டயர்த் தடத்தைப் பார்த்துவிட்டு இடப்பக்கம் போயிருக்கிறார். ஐம்பது நிமிஷம் தேடினோம். தார் ரோட்டு ஓரத்துச் சின்னக் கடை வாசலில் குளிர்பானம் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கோபமே இல்லாமல். எனக்குத்தான் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இப்போது நான் தலை எண்ணுவதில்லை. புறப்படும்போதே இருவர் இருவராக ஜோடி சேர்த்துவிடுவேன், நிற்கும்போது "ஜோடி இருக்கா?" என்று மட்டும் கேட்பேன். கவை வந்தால் எனக்கு அடுத்து வருபவரை அங்கேயே நிறுத்திவிட்டுப் போவேன், வால் வந்து சேரும் வரை அவர் நகரக் கூடாது. இந்த முறை புதிதல்ல, உலகம் முழுக்கச் செய்கிறார்கள். ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு: நிறுத்தப்பட்டவருக்குப் போரடிக்கும், வால் வருவது தூரத்தில் தெரிந்தவுடன் கிளம்பிவிடுவார். வால் அவர் தோளைத் தொட்ட பிறகுதான் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவையுங்கள். தோளைத் தொடுவது என்றே சொல்லுங்கள், அப்போதுதான் செய்வார்கள்.

பாதையை முன்கூட்டி ஓட்டிப் பார்ப்பதை எல்லோரும் சொல்வார்கள். எப்போது ஓட்டிப் பார்ப்பது என்பதைச் சொல்ல மாட்டார்கள். கரும்புக்காட்டில் மார்ச்சில் போய்ப் பார்த்து வைத்த அடையாளம் ஆகஸ்டில் இருக்காது. இரண்டு ஆள் உயரக் கரும்பு நிற்கும்போது சுரங்கத்துக்குள் போகிற மாதிரி இருந்த பாதை, வெட்டின பிறகு நாலு பக்கமும் திறந்த மொட்டை மேடாகிவிடும். அந்த மேட்டில் ஒரே மாதிரி ஆறு பாதை தெரியும். சுமார் ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை வெட்டு நடக்கும், அந்த மாதங்களில் கரும்பு ஏற்றின டிராக்டர் வளைவில் எதிரே வரும், தீ வைத்த காட்டிலிருந்து புகை வரும். எங்கள் குழுவில் இங்கேயே பிறந்த தாத்தா ஒருவர் உண்டு. 1860-இல் ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து வந்தபின் வந்த கூட்டத்தில் அவருடைய கொள்ளுப்பாட்டனும் ஒருவர். "இந்தப் பாதையெல்லாம் எங்க ஆளுங்க நடந்தே போட்டது, இருந்தும் எனக்கே வழி தப்புது" என்பார். அதனால் பயணத்துக்கு முந்தின வாரம் போய்ப் பாருங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இந்த மாகாணத்தில் தாழ்வான பாலம் எதையும் வரைபடத்தை நம்பித் தாண்ட நினைக்காதீர்கள், கண்ணால் பார்த்த பிறகுதான்.

நீங்கள் டிசம்பர் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்குத் திக்கென்றது. மலையடிவாரத்தில் கோடைக்காலப் பிற்பகல் என்றால் இடிமழை. காலை நீலமாக இருக்கும், பதினொரு மணிக்கு மலை முகட்டில் பஞ்சு மாதிரி மேகம் குவியும், இரண்டு மணிக்குக் கறுத்து இறங்கும். அண்டர்பெர்க் பக்கம் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் புல்வெளிதான்; மரமே இல்லை, அங்கே உயரமானது நீங்கள்தான். மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் நடுவில் முப்பது விநாடி இருந்தால் சுமார் பத்துக் கிலோமீட்டர். அதற்குக் குறைந்தால் ஏற்கெனவே தாமதம். கட்டிடமோ மூடின வண்டியோதான் ஒதுங்குமிடம், தனி மரமும் கம்பி வேலியும் ஆகாது. அங்கே மண்ரோட்டு ஓரம் முழுக்கக் கம்பி வேலி ஓடுகிறது என்பதை ஞாபகம் வையுங்கள். ஒதுங்க இடமில்லை என்றால் ஆட்களைக் கொத்தாக நிற்கவிடாமல் இடைவெளி விட்டுத் தாழ்வான இடத்தில் பிரித்து வையுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் நகரக் கூடாது. இதையெல்லாம் தெரிந்துவைத்திருந்தாலும், ஒரே நல்ல வழி நேரம்தான். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும். ஐந்தரைக்குச் சக்கரம் உருள வேண்டும், பன்னிரண்டுக்கு எல்லோரும் கூரைக்குள் இருக்க வேண்டும். திரும்பும் நேரத்தை முந்தின இரவே எல்லோர் முன்னிலும் சொல்லிவிடுங்கள். மறுநாள் களைத்துப்போய், போக வேண்டிய அருவி இன்னும் மூன்று கிலோமீட்டர் என்று இருக்கும்போது முடிவெடுக்க உட்கார்ந்தால் எப்போதும் தப்பான முடிவுதான் வரும்.

குளிர்காலம் நல்லதா என்றால், இடி இல்லை, பாதை காய்ந்திருக்கும். ஜூனில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்பது ஒன்று. இன்னொன்று, மலையிலிருந்து திடீரென்று சூடான வறண்ட காற்று இறங்கும், பெர்க் காற்று என்பார்கள். எல்லோரும் ஜாக்கெட்டைக் கழற்றி வேனில் போட்டுவிடுவார்கள். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு குளிர் அலை வந்து சில மணி நேரத்தில் வெப்பம் சரிந்துவிடும். 2024 செப்டம்பரில், வசந்தம் தொடங்கின பிறகு, வான் ரீனன் கணவாயில் என்3-யையே பனி மூடி லாரிகள் ராத்திரி முழுக்க நின்றது ஞாபகம் இருக்கும். சூடான காற்று அடிக்கிற அன்றைக்குத்தான் ஜாக்கெட்டைப் பையில் வைக்கச் சொல்லிச் சண்டை போட வேண்டும்.

தகவல் தொடர்பில் பெரிய ரகசியம் ஏதுமில்லை. செல்போனில் 112, ஆம்புலன்ஸுக்கு 10177, போலீசுக்கு 10111. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாமல் வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் 112 போகும். எதுவுமே இல்லாத பள்ளத்தில் அதுவும் போகாது. அடிவாரத்தில் அப்படிப் பள்ளங்கள் நிறைய. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டாலும், வீட்டில் ஒருவரிடம் பாதையைக் கொடுத்துவிட்டு, "இத்தனை மணிக்குள் நான் பேசாவிட்டால் இந்த எண்ணைக் கூப்பிடு" என்று நேரம் குறித்துச் சொல்லுங்கள். உதவி கேட்கும்போது "அண்டர்பெர்க் பக்கத்தில்" என்றால் யாரும் வர முடியாது. இங்கே மண்ரோடுகளுக்கு டி என்று தொடங்கும் எண் உண்டு, முனையில் பலகை இருக்கும். அந்த எண், கடைசியாகப் பார்த்த பண்ணையின் பெயர், ஜிபிஎஸ் எண்கள், இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

சைக்கிளைப் பற்றி, பட்டறைக்காரன் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பஞ்சர் ஒட்ட எல்லோருக்கும் தெரியும். நம் ஊர் நெருஞ்சி முள் இங்கேயும் உண்டு, அதே செடி. ஆஃப்ரிக்கான்ஸில் டுவெல்கி என்பார்கள். டியூப் இல்லாத டயரில், ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றியிருந்தால் இருபது முள் ஏறினாலும் ஓடும், முள்ளைப் பிடுங்காமல் விட்டால். ஆனால் பயணத்தை நிறுத்துவது முள் இல்லை, பின் கியரைச் சைக்கிளின் சட்டத்தோடு, அதாவது ஃபிரேமோடு, பிணைக்கிற ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு. சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால் அது வளையும் அல்லது முறியும்; வளைவதற்கென்றே செய்தது, ஃபிரேம் தப்பிக்க. ஒரு சைக்கிளின் ஹேங்கர் இன்னொன்றுக்குப் பொருந்தாது. பத்துச் சைக்கிளுக்குப் பத்து விதம் இருக்கும். வருகிற ஒவ்வொருவரும் தன் சைக்கிளுக்குரியதை ஒன்று வாங்கி இருக்கைப் பையில் போட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முறிந்தால் செயினை வெட்டிச் சுருக்கி, ஒற்றைக் கியரில் வீடு வரும் வித்தையையும் பழகுங்கள். வீட்டு வாசலில் நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை, இருட்டில் தலைவிளக்கோடு ஒருமுறை.

அந்த நிலத்தில் இருப்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாதை வரைபடத்தில் இருக்கிறது என்பதால் போக உரிமை உண்டு என்று ஆகாது. பண்ணை என்றால் பண்ணைக்காரரிடமும், ஊர்ப்பொது நிலம் என்றால் இந்துனா எனப்படும் ஊர்த் தலைவரிடமும் முன்பே போய்க் கேளுங்கள். நேரில் போய், போனில் இல்லை. கேட் எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள். மேலே சொன்ன குதிரை வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் வந்தால் மிதிப்பதை நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, "சனிபோனானி" என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். அது பலருக்கும் சேர்த்துச் சொல்லும் வணக்கம். வழி கேட்கவும் அதற்குப் பிறகுதான். வணக்கம் சொல்லாமல் வழி கேட்பது நம் கிராமத்தில் திண்ணையில் இருக்கும் பெரியவரைக் கடந்து வீட்டுக்குள் நுழைவது மாதிரி. நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். வழிப்பறியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த நாட்டில் அதை மறைத்துப் பேச முடியாது. நகர ஓரத்துப் பாதைகளில்தான் அதிகம் கேள்விப்படுகிறோம். கேட்டால் சைக்கிளையும் போனையும் கொடுத்துவிட வேண்டும், யாரும் வீரம் காட்டக் கூடாது என்று புறப்படும்முன்பே எல்லோரிடமும் சொல்லிவைப்பது தலைவரின் வேலை.

சந்தேகத்துக்கு இடமானவையும் உண்டு. ஒரு தலைவருக்கு எத்தனை பேர்? நான் எட்டுக்கு மேல் தனியாக எடுப்பதில்லை; பழகின வால் ஒருவர் இருந்தால் பன்னிரண்டு. இது என் அனுபவக் கணக்கு, பன்னிரண்டில் சரி, பதின்மூன்றில் தப்பு என்று யாராலும் நிரூபிக்க முடியாது. மின்னல் நேரத்தில் இரும்புச் சைக்கிள் மின்னலை இழுக்கும் என்கிறார்கள். திறந்த வெளியில் உயர்ந்து நிற்பதுதான் பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன், ஆனாலும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளி நிற்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பாம்பு விஷயத்தில், கடித்த இடத்தைக் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கயிறு கட்டக் கூடாது, கடிபட்டவரை அசையவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது உறுதி. அழுத்தக் கட்டுப் போடலாமா என்பது பாம்பைப் பொறுத்தது. பாதையில் அசையாமல் கிடக்கிற பஃப் விரியன்தான் நம் பாதைகளில் அதிகம் எதிர்ப்படுவது. அதன் கடிக்கு அந்தக் கட்டு வேண்டாம் என்றே சொல்லித்தருகிறார்கள். நான் பதினொரு வருஷத்தில் கடி ஒன்றும் பார்த்ததில்லை, விழுந்து உடைந்த காறை எலும்பு நாலு பார்த்திருக்கிறேன்.

ஆகவே, டிசம்பரில் பத்துப் பேர் வேண்டாம் தம்பி. வயதை எழுதியிருந்ததால் தம்பி என்கிறேன். முதலுதவி வகுப்புக்கு இந்த மாதமே பெயர் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் முன்னால் போகும் இடத்தை வேறு ஒருவருக்கு விட்டுவிட்டுக் கடைசிக்குப் போங்கள். முதல் இரண்டு வாரம் கால் துறுதுறுக்கும், அப்புறம் பழகிவிடும். மே மாதத்தில் நாலு பேரோடு ஹிமெவில் போய் ஒரு ராத்திரி தங்கி, இருபத்தைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டிவிட்டு வாருங்கள். சானி கணவாய் ஆசையை அந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். அது கடல்மட்டத்திலிருந்து 2,800 மீட்டருக்கு மேலான உயரத்துக்குப் போகிற கரடுமுரடான ஏற்றம். உச்சியில் லெசோத்தோ என்ற தனி நாட்டின் எல்லை, சாவடி மாலை ஆறு மணிக்கு மூடிவிடும். உங்கள் நாலு பேரில் யாருக்காவது ஒற்றை நுழைவு விசா இருந்தால் அந்தப் பக்கம் கால் வைத்தவர் திரும்பி வருவது பெரும்பாடு. மே பயணத்துக்குச் சனிக்கிழமையாக இருந்தால் நான் வால் பிடிக்க வருகிறேன். உருளைக்கிழங்குக் கறி வைத்த ரொட்டிச் சுருள் உங்கள் பொறுப்பு. அதற்கு முன் நாலு சைக்கிளின் பின் ஹேங்கரையும் கழற்றி, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், எது எங்கே கிடைக்கும் என்று சொல்கிறேன்.